அப்பாவின் கோட்டு இருந்த போர்வை

எங்கள் கிடங்கில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவள் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும்.

அது பழைய துணிக் கிடங்கு. ஊர் ஊராகச் சேர்த்த உடுப்புகள் இறுக்கிக் கட்டிய மூட்டைகளாக வந்து இறங்கும். எடை போட்டு எழுதிக்கொள்வது என் வேலை. பிறகு மூட்டையை அறுத்து நீண்ட மேசையில் கொட்டுவார்கள். மேசையின் இரு பக்கமும் நிற்கும் பெண்கள் ஒவ்வொரு துணியாக எடுத்து மூன்று தொட்டிகளில் ஒன்றில் எறிய வேண்டும். மறுபடி உடுத்தலாம் என்பது முதல் தொட்டிக்கு. உடுத்த முடியாத பருத்தித் துணி இரண்டாவதற்கு. அதைச் சதுரமாக நறுக்கி, இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க விற்பார்கள். இரண்டுக்கும் ஆகாதது மூன்றாம் தொட்டிக்கு. அது ஆலைக்குப் போய் நார்நாராகப் பிரிந்து மெத்தைக்குள் அடைபடும்.

முதல் தொட்டிக்குப் போகாத எதையும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் எறிய வேண்டும் என்பது கிடங்கின் விதி. வெட்டாமல் எறிந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் நல்ல உடுப்பு என்று விற்றுவிடுவார்கள். மற்ற பெண்கள் துணியை விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டுவார்கள். இவள் தொட்டதும் வெட்டிவிடுவாள். கண் பார்ப்பதற்கு முன்பே கை முடிவு செய்துவிடும். நல்ல துணியை வெட்டினாள் என்று மேற்பார்வையாளர் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை.

மூட்டை உடைப்பவருக்கு அவளை வம்புக்கு இழுக்காவிட்டால் பொழுது போகாது.

"கத்தரி, என்னை அப்படிப் பார்க்காதே. ஆளோட சேர்த்து வெட்டிடுவ போல இருக்கு."

"உங்க சட்டைய நான் தொட மாட்டேன். அது நாலாம் தொட்டி."

"நாலாம் தொட்டின்னு ஒண்ணு இல்லையே?"

"உங்களுக்காக வாங்கச் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள். மேசையே சிரிக்கும்.

அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் அண்ணன், வேறு ஊரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைசி, தங்கை; கல்யாணமாகிப் போய்விட்டாள். நடுவில் இவள். அப்பா ஒரு பெரிய ஓட்டலில் வாசல் காவலராக இருந்தவர். கார் வந்து நின்றால் கதவைத் திறந்துவிட வேண்டும். அதற்காக ஓட்டல்காரர்கள் கொடுத்த கம்பளிக் கோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஆழ்ந்த சிவப்பு நிறம், கை விளிம்பில் தங்க நூல். வெயிலானாலும் மழையானாலும் அதற்குள்தான் நிற்பார்.

பள்ளியில் அண்ணன் தன் அப்பா ஓட்டல் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் கூடப் படிக்கும் பையனின் காரில் ஏறிக்கொண்டு அந்த ஓட்டலுக்கே போகும்படி ஆகிவிட்டது. காரின் கதவைத் திறந்தவர் அப்பா. மகனைப் பார்த்தார், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சலாம் வைத்து ஒதுங்கி நின்றார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் அந்தத் தெருப்பக்கமே போனதில்லையாம். இது அவள் எனக்குச் சொன்னது.

அப்பா காலமான பிறகு கோட்டு அலமாரியில் தொங்கியது. அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அந்தச் சமயம் இவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். அண்ணன் வந்து விசாரித்துவிட்டு, "பையன் நல்ல பையன்தான். ஆனா இவ போயிட்டா அம்மாவை யார் பார்க்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவனும் பதில் சொல்லவில்லை, தங்கையும் சொல்லவில்லை. அச்சகக்காரர் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

தேறாத துணிகளை ஊழியர்கள் எடைக்கு வாங்கிக்கொள்ள முதலாளி இடம் கொடுத்திருந்தார். அம்மாவின் படுக்கை அடிக்கடி நனையும். கடைப் போர்வை எத்தனை வாங்கிக் கட்டுப்படியாகும்? அதனால் அவள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கினாள். வாங்கிய துணியை முதலில் கொதிநீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, மறுபடி ஊறவைப்பாள். சுருங்க வேண்டியதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது, போர்வை கோணிக்கொள்ளும். பிறகு அட்டை ஒன்றை அளவுக்கு வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, கைத்தையல் இயந்திரத்தில் இணைப்பாள். அடியில் பழைய படுக்கை விரிப்பு, நடுவில் நைந்த பருத்தித் துணி. "தைக்கிறது பாதி, துவைக்கிறது பாதி, கணக்கய்யா" என்பாள். என்னைக் கணக்கய்யா என்றுதான் அழைப்பாள்.

அம்மா இறப்பதற்குச் சில நாள் முன்பு அண்ணன் வந்திருந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இருக்கிற வரைக்கும் இந்த வீடு அவளுக்குத்தாம்மா. நீ நிம்மதியா இரு" என்றான். கூட இருந்த தங்கையும் தலையாட்டினாள். அம்மா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துவைக்கும் கல். வீடு அவ்வளவுதான். அப்பா பெயரிலேயே இருந்தது.

பிறகு அண்ணன் தொலைபேசியில் பேசினான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம், வீட்டு விஷயம் பேச வேண்டும், அதற்குள் அலமாரியைக் காலி பண்ணி வை என்றான். மறுநாள் எடைமேடை அருகில் வந்து நின்று அவள் இதைச் சொன்னாள்.

"பேசுறதுக்கு என்ன இருக்கு? வாக்கு கொடுத்தாச்சே" என்றேன்.

"அம்மாகிட்டதானே கொடுத்தாங்க. அம்மா இல்லையே."

அவள் ஒரு யோசனை வைத்திருந்தாள். அலமாரியில் இருக்கும் குடும்பத் துணிகளை வைத்து ஒரு போர்வை. அம்மாவின் வீட்டுச் சேலை, அண்ணனின் பள்ளிச் சட்டை, தங்கையின் சின்ன வயதுக் கவுன், எல்லாம் ஒன்றாக. அதை நடுவில் விரித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால் மனசு இளகும் என்று நம்பினாள். "வேற எங்க போவேன் கணக்கய்யா? அந்த வீட்டை விட்டா எனக்கு மேசைதான் இருக்கு. மேசைக்குக் கீழே படுக்க முதலாளி விடுவாரா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னாள். வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேச்சு வரம்பு மீறாது என்பது அவள் கணக்கு.

அந்த வாரம் ஒருநாள் வேலையில் அவள் கை ஓடவில்லை. துணியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். உணவு இடைவேளையில் காரணம் சொன்னாள்.

"கோட்டை வெட்டிட்டேன்."

"எந்தக் கோட்டை?"

"அப்பாவோடது. அதை அப்படியே வைக்கணும்னுதான் இருந்தேன். எடுத்து உதறினேன். தோள்ல பூச்சி அரிச்சிருக்கு, உள்துணி பூரா போயிடுச்சு. விரல்ல பட்டதும் கை வெட்டிடுச்சு. காலர்ல. இங்க வெட்டுற மாதிரியே."

"தைச்சு மாட்டிடக் கூடாதா?"

"குறுக்கே வெட்டிட்டேன். தைச்சாலும் தெரியும். அதான் நல்ல இடமாப் பார்த்து எடுத்துப் போர்வையில வச்சிட்டேன். ஒண்ணா இருக்கட்டும்."

கம்பளியைக் கொதிநீரில் போட முடியாது, சுருங்கித் தடித்துப் போய்விடும். அதனால் ஈரத்துணியால் துடைத்து அப்படியே சேர்த்திருந்தாள். அந்தப் போர்வையைத் தண்ணீரில் போடக் கூடாது என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் கட்டில் மேல் போர்வை விரித்திருந்தது. அண்ணன் நாற்காலியில், அண்ணி கட்டில் ஓரத்தில், தங்கை ஜன்னல் அருகில். நான் கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில். அண்ணன் என்னைப் பார்த்து, "சார் யாரு?" என்றான். கிடங்கில் தன்னோடு வேலை பார்க்கிறவர் என்றாள் அவள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

அவள் நினைத்தது நடக்கத்தான் செய்தது. தங்கைதான் முதலில் எழுந்து வந்து குனிந்தாள்.

"அய்யோ, அக்கா, இது என் வாத்துப் படம் போட்ட கவுன்! இதைப் போட்டுக்கிட்டுத்தானே நான் தண்ணித் தொட்டியில விழுந்தேன்?"

"விழுந்தது நீ. அடி வாங்கினது நான்" என்றாள் இவள்.

அண்ணன் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போர்வையில் விரலை ஓட்டினான். ஒரு வெள்ளைச் சதுரத்தில் சட்டைப் பையை அப்படியே விட்டுத் தைத்திருந்தாள், அதில் மைக்கறை. "இங்க் பேனா கசிஞ்சது. பரீட்சை அன்னிக்கு" என்றான். குரல் மாறியிருந்தது. "அம்மா இதை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா. போகவே இல்லை." அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு அவன் விரல் சிவப்புக்கு வந்தது.

"இது என்ன?"

"அப்பா கோட்டு."

"கோட்டா?"

"ஆமாண்ணே. நல்ல இடமாப் பார்த்து..."

"கோட்டை வெட்டிட்டியா?"

அண்ணி போர்வையிலிருந்து மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பாவோட ஞாபகம்னு இருந்தது அது ஒண்ணுதான். அதைப் போய் வெட்டியிருக்கே?"

"நீதானே அண்ணே அலமாரியைக் காலி பண்ணச் சொன்னே?"

"காலி பண்ணச் சொன்னேன். கத்தரி போடச் சொன்னேனா?"

"பூச்சி அரிச்சிருந்துச்சு. உள்துணியே இல்லை. அது மூணாம் தொட்டிச் சரக்கு அண்ணே."

எனக்கு அது தெரிந்த சொல். கிடங்கில் ஒரு நாளில் எத்தனையோ தடவை காதில் விழும், யாருக்கும் உறைக்காது. அந்த அறையில் சொல்லியிருக்கக் கூடாது.

"மூணாம் தொட்டின்னா?" என்றான் அண்ணன்.

பொய் சொல்லத் தெரியாதவள். "உடுத்தவும் ஆகாது, துடைக்கவும் ஆகாதுன்னா அதுல போடுவோம்" என்று விளக்கினாள்.

"கேட்டுக்குங்க" என்றாள் அண்ணி. "உங்க அப்பா கோட்டு துடைக்கக்கூட ஆகாதாம்."

"அண்ணி, நான் அப்பாவைச் சொல்லலை. துணியைச் சொன்னேன்."

"துணியைத்தாம்மா நாங்களும் சொல்றோம். நீ எதைப் பார்த்தாலும் தொட்டிதானே உனக்கு?"

அண்ணன் எழுந்துவிட்டான். அறைக்குள் இங்குமங்கும் நடந்தான். அந்தக் கோட்டுக்குள் நின்று அப்பா தங்களை வளர்த்தார் என்றான். அதைப் போட்டுக்கொண்டு அவர் வரும்போது எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா என்றான். அவன் எந்தத் தெருப்பக்கம் போகாமல் இருந்தான் என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தங்கை தன் கவுன் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா கோட்டையே பத்திரமா வைக்கத் தெரியலை. இந்த வீட்டை எதை நம்பி உன்கிட்ட விட்டுட்டுப் போறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரும் வழியெல்லாம் அவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வந்திருக்கிறான். கோட்டு அவனுக்கு வழியைக் காட்டிவிட்டது.

"தம்பி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னதா..." என்று தொடங்கினேன்.

"சார், இது குடும்ப விஷயம். நீங்க உங்க கிடங்கைப் பாருங்க."

தங்கை பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றான். அவள், "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று புருஷன் பெயரில் நழுவினாள். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "அக்கா, நீயும் ஒத்தையா இவ்வளவு பெரிய வீட்டுல என்ன பண்ணுவே?" என்றாள். இரண்டு அறை வீடு அது.

கிளம்பும்போது அண்ணன் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "அப்பா இதுலயாவது மிச்சம் இருக்கார்" என்றான். அவள் பின்னாலேயே வாசல் வரை ஓடினாள். "அண்ணே, அதைத் தண்ணியில..." என்று ஆரம்பிப்பதற்குள் கார்க் கதவு சாத்தப்பட்டது.

வீடு விற்றுப்போனது. வாங்கியவர் ஜன்னல்களைக் கழற்றிவிட்டுக் கடையாக்கினார். அவள் பங்கில் அம்மாவின் வைத்தியத்துக்கு அண்ணன் செலவு செய்ததைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். தையல் இயந்திரத்தை மாடிப்படி வழியே ஏற்ற முடியவில்லை, படி அவ்வளவு குறுகல். கீழே கடையில் ஒரு மூலையில் வைத்தாள். கொஞ்ச நாளில் அதன்மேல் டயர்கள் ஏறிக்கொண்டன.

அடுத்த வருஷம் தங்கை அவளைத் தேடிக் கிடங்குக்கே வந்தாள். கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். அண்ணனின் புது வீடு. கூடத்துச் சுவரில் போர்வை சட்டம் போடாத படம் மாதிரி தொங்குகிறது. வருகிறவர்களிடம் சிவப்புத் துண்டைக் காட்டி, அப்பா பெரிய ஓட்டலில் மேனேஜராக இருந்தபோது போட்ட கோட்டு என்று அண்ணன் சொல்கிறானாம். எல்லோரும் அருமை அருமை என்கிறார்களாம்.

"இப்போ அதுல ஒரு சிக்கல் அக்கா. தூசி படிஞ்சிருக்குன்னு அண்ணி மெஷின்ல போட்டுட்டாங்க. சிவப்பெல்லாம் சுருங்கி, பூரா இழுத்துக்கிட்டு, காஞ்ச அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. நீ வந்து சரி பண்ணித் தருவியான்னு கேட்டாங்க."

மூட்டை உடைப்பவர் பக்கத்தில் நின்றிருந்தார். "போகாதே கத்தரி. சூடு சொரணை உள்ளவ போக மாட்டா" என்றார்.

"அதெல்லாம் ரெண்டாம் தொட்டிக்குப் போயிடுச்சு அண்ணே" என்றாள் அவள். அன்றைக்குத்தான் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவளிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. மூட்டை வராத ஒரு மதியம், எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

கூடத்தில் தரையில் உட்காரவைத்திருக்கிறார்கள். டைல்ஸ் கடைக்காரன் வீட்டுத் தரை, முகம் தெரியுமாம். தையலைப் பிரித்துச் சுருங்கிய சிவப்புத் துண்டுகளை எடுத்திருக்கிறாள். அவற்றை இழுத்துப் பெரிதாக்க முடியாது. அவற்றின் இடத்தில் புதுத்துணிதான் வைக்க வேண்டும். அண்ணி வேறொரு சிவப்புத் துணியைத் தயாராக வைத்திருந்தாள். கோட்டுத் துண்டுகளை என்ன செய்ய என்று கேட்டதற்கு அண்ணன் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனான். பெருக்க வந்த பெண் அவற்றை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே போட்டாள் என்று தெரியாது.

"அண்ணன் அப்புறம் வந்தானா?"

"வந்தாரு. சாப்பிட்டாரு. நல்லாயிருக்குன்னாரு. இப்பவும் வர்றவங்ககிட்ட இதுதான் அப்பா கோட்டுன்னு சொல்லலாமில்லன்னு கேட்டாரு. சொல்லுங்கன்னேன்."

"உன்னைப் பத்தி ஏதாவது?"

"மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு கணக்கய்யா. கதவு திறந்திருந்துச்சு, போகும்போது பார்த்தேன். கட்டில் கூட இருக்கு."

எடைக் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

"தைக்க வேண்டியதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. அப்புறமும் உட்கார்ந்து தைச்சேன். தைச்சதையே பிரிச்சு மறுபடி தைச்சேன். யாராவது, இருந்துட்டுப் போயேன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்களான்னு பார்த்தேன். ஒரு ராத்திரிக்காவது."

"சொன்னாங்களா?"

"அண்ணி வந்து விளக்கைப் போட்டாங்க. இருட்டுல கண்ணு கெட்டுடும்னாங்க. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாங்க. கடைசி பஸ்ஸை விட்டுட்டா கஷ்டம், சீக்கிரம் முடின்னாங்க."

அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டினாள். வெளியே லாரி வந்து நின்றது. மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். நான் எடைமேடைக்குத் திரும்பினேன், அவள் மேசைக்குப் போனாள்.